பாத்தியில் கவிழ்த்த பஞ்சாரம்

ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்பாக ஐந்து பாத்தி விதைத்தேன். ஆவணி பிறந்தபோது கொல்லையில் நின்றவை இரண்டு வெண்டைக் கன்றும் ஒரு பூசணியும்தான். கீரை, அவரை, பாகல் எல்லாம் போட்ட இடம் தெரியவில்லை. 2018-இல் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கணவரின் ஊருக்குக் குடிவந்த முதல் வருடம் அது. முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: வெண்டை 30, அவரை 20, பாகல் 12, பூசணி 6. கீரை விதையை எண்ண முடியாது, ஒரு பொட்டலம் என்று குறித்திருந்தேன். கீரையை விட்டுவிட்டாலும் 68-க்கு 3. நூற்றுக்கு ஐந்து மதிப்பெண்கூட வரவில்லை.

பழியைத் தூக்கி விதைக்கடைக்காரர் தலையில் போட்டேன். பழைய விதையைத் தள்ளிவிட்டார், பட்டணத்திலிருந்து வந்தவள் என்று ஏமாற்றிவிட்டார் என்று பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் புலம்பினேன். அப்பத்தாவுக்கு அப்போதே எண்பதைத் தாண்டியிருந்தது. என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "மிச்ச விதை இருக்கிறதா டீச்சரம்மா? ஈரத்துணியில் முடிந்து வை. விதை பொய் சொல்லாது" என்றார்.

பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, அதில் வெண்டை இருபது, அவரை இருபது, பாகல் பத்து என்று தனித்தனியாக வரிசை வைத்துச் சுருட்டினேன். ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. ஐந்தாம் நாள் அவிழ்த்துப் பார்த்தால் அவரையில் 18, வெண்டையில் 17 வெள்ளை வேர் விட்டிருந்தன. பாகல் எப்போதுமே சோம்பேறி. ஒன்பதாம் நாள்தான் ஏழு எட்டிப் பார்த்தன. கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்க வெட்கம். அடுத்த முறை போனபோது இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்கி ஈடுகட்டினேன்.

விதை முளைக்கிறது, ஆனால் என் பாத்தியில் மட்டும் முளைக்கவில்லை என்றால், நான் மண்ணை மூடிவிட்டு எழுந்து வந்த பிறகு அங்கே என்னவோ நடக்கிறது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். விதைத்த அன்று மாலை, மறுநாள் விடியல், மறுநாள் இரவு என்று மூன்று முறையாவது பாத்திக்கு அருகில் பத்து நிமிடம் சும்மா உட்காருவது. மருந்து, பொடி, கரைசல் எதையும் கையில் எடுப்பதற்கு முன்னால் திருடனை முகம் பார்த்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் பாதிக்கு மேல் அப்படிச் சும்மா உட்கார்ந்து கிடைத்தவை.

முதலில் பிடிபட்டது எறும்பு. ஒரு பாத்தியில் மட்டும் மறுபடி அரைக்கீரை தூவிவிட்டு, காலை ஏழு மணிக்குச் சமையலறை முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தேன். அரைக்கீரை விதை கருகருவென்று மினுங்கும், கடுகைவிடச் சிறியது. தூரத்திலிருந்து பார்த்தால் எறும்பு எது, விதை எது என்று தெரியாது. குனிந்து பார்த்தேன். ஓர் எறும்பு விதையைக் கவ்வித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தது. மண்கட்டி குறுக்கிட்டதும் விதையைக் கீழே வைத்தது, சுற்றிப் பார்த்தது, பிறகு திரும்பி நின்று பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. பாத்தி ஓரத்துச் செங்கல் மேல் ஏறி, துவைகல்லைச் சுற்றி, மதில் சுவரின் விரிசலுக்குள் போய் மறைந்தது வரிசை. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினோரு விதை. ஒரு பகல் பத்து மணி நேரம் என்றால் ஆறாயிரத்து அறுநூறு. பொட்டலம் எங்கே போனது என்ற கணக்கு முடிந்தது.

கணவர் உடனே கடைக்குப் போய் எறும்புப் பொடி வாங்கி வந்து பாத்தியைச் சுற்றிக் கோடு இழுத்தார். வரிசை நின்றுவிட்டது. பெருமையோடு அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தக் கீரையை யார் தின்பது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். விதைத்த இருபத்தைந்தாம் நாள் அறுத்துச் சட்டியில் போடுகிற பயிர் அது. அந்தப் பாத்தியின் மேல் மண்ணை நான்கு விரல் ஆழத்துக்குச் சுரண்டி அப்புறப்படுத்தினோம். அந்த வருடம் முழுக்க அங்கே எதுவும் போடவில்லை.

மஞ்சள்தூள் கோடும் போட்டுப் பார்த்தேன். பூவாளியால் தண்ணீர் தெளிக்கும் வரை நன்றாகவே வேலை செய்தது. தண்ணீர் தெளிக்காமல் விதை முளைக்காது என்பதுதான் அதில் இருக்கும் சிக்கல்.

கடைசியில் கைகொடுத்தது அப்பத்தாவின் வழி. விதையோடு நான்கு பங்கு மணல் கலந்து தூவுவது எல்லோரும் செய்வதுதான், விதை சீராக விழும். அவர் இன்னொன்றும் செய்வார். எறும்பு வரும் தடத்தில், பாத்திக்கு ஒரு முழம் முன்னாலேயே, இரண்டு கைப்பிடி அரிசிக் குருணையைக் கொட்டிவிடுவார். "எறும்புக்கு வேண்டியது தீனி. உன் கீரை விதைதான் வேண்டும் என்று அதற்கென்ன வைராக்கியம்?" என்பார். நான்கு நாள் குருணை போட்டால் போதும், அதற்குள் கீரை முளைவிட்டுவிடும். முளைத்த விதையை எறும்பு தூக்கி நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால், முன்பெல்லாம் வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போட்டபோது எறும்புக்குப் பங்கு அங்கேயே கிடைத்துவிட்டது. இப்போது கோலமாவு என்று விற்பது கல்மாவு. வாசலில் ஏமாந்த எறும்பு கொல்லைக்கு வருவதில் என்ன ஆச்சரியம்?

கீரைக்கு இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துக்கொண்டேன். விதைப்பதை மாலைக்கு மாற்றினேன். தூவிய கையோடு சலித்த தொழுவுரத்தை விதை மறையும் அளவுக்கு மட்டும் மெல்லியதாகத் தூவி, தண்ணீர் தெளித்து, நனைத்த சணல் சாக்கை மேலே விரித்துவிடுவேன். சிட்டுக்குருவி கொத்தாது, ஈரம் காயாது, பெருமழை வந்தாலும் விதை ஓரத்துக்கு அடித்துப் போகாது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து தினமும் சாக்கின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பாதி முளைத்தது தெரிந்ததும் அன்று மாலையே சாக்கை எடுத்துவிட வேண்டும். காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஆறாம் நாள் திரும்பினேன். சாக்கைத் தூக்கினால் பாத்தி முழுக்க வெளிறிய மஞ்சள் நூல்போல நாற்று. வெயிலைக் கண்டதும் சாயங்காலத்துக்குள் மொத்தமும் படுத்துவிட்டது. எந்தப் பூச்சியும் செய்யாத சேதத்தை அன்று நானே செய்தேன்.

எறும்பு கொண்டுபோன விதைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம் அந்த மதில் விரிசலின் அடியில் ஒரு குடுமிபோல அரைக்கீரை கிளம்பியது. நான் பாத்தியில் பார்த்திராத செழிப்பு. வெட்கப்படாமல் அறுத்துக் கடைந்தேன்.

எறும்பு தடயம் வைக்காது. மற்ற திருடர்கள் அப்படியில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து உண்டு. விதை போட்ட இடத்தில் கூம்புபோலச் சிறிய குழியும் பக்கத்தில் பிளந்த தோலும் கிடந்தால், அதுவும் பகலில் நடந்தால், அணில். குழி பெரிதாக, மண் ஒரே பக்கம் வாரித் தள்ளியிருந்து, காலையில்தான் கண்ணில் பட்டால் எலி அல்லது பெருச்சாளி. பாத்தியே கலைந்து மண் வரப்புக்கு வெளியே சிதறியிருந்தால் கோழி. முளைத்த நாற்று மண்மட்டத்தில் அறுந்து, ஆனால் தின்னப்படாமல் பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு. இலை காணாமல் போய், காய்ந்த பசைபோல வெள்ளிக் கோடு மண்ணில் மின்னினால் நத்தை. தண்டு மட்டும் நின்று நுனி கத்தரித்தாற்போல இருந்தால் எங்கள் ஊரில் சந்தேகமே வேண்டாம், மயில்.

அணிலுக்கு அவரை என்றால் உயிர். விதையாக இருக்கும்போதும் பிடிக்கும், தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு மண்ணைப் பிளந்து வருகிற முளையாக இருக்கும்போது இன்னும் பிடிக்கும். முதுகில் ராமர் தடவிய மூன்று கோட்டோடு வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து அது தின்பதைப் பார்த்தால் கோபமும் முழுதாக வராது. மிளகாய்த்தூள் தூவச் சொன்னார்கள். தூவினேன். அணில் வரவில்லை. ஆனால் மைனாவும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் அதே பாத்தியை நிதானமாகக் கிளறிக்கொண்டிருந்தன. பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது, கிளி மிளகாய்ப் பழத்தைக் கடித்துத் தின்பது அதனால்தான். எலி, அணில் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் அது எரியும். ஆக மிளகாய்த்தூள் பாதி எதிரிக்குத்தான் மருந்து, அதுவும் அடுத்த மழை வரைக்கும். காற்றடிக்கிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தூவ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அன்று பகல் முழுக்க நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

கோழிகள் அப்பத்தாவுடையவை. குறை சொன்னால் உறவு கெடும், சொல்லாவிட்டால் பூசணி கெடும். ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் பஞ்சாரம் சும்மா கிடப்பதைப் பார்த்தேன். மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை, குஞ்சு பொரித்த கோழியை அதற்குள் விட்டுக் கவிழ்ப்பார்கள். கோழியை உள்ளே வைக்கிற கூடையைக் கோழியை வெளியே வைக்கவும் பயன்படுத்தலாமே என்று தோன்றியது. கேட்டதும் கொடுத்தார். "பாத்திக்கே பஞ்சாரமா!" என்று சிரிப்பு வேறு. பூசணி விதை போட்ட குழியின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தேன். வெயிலும் தண்ணீரும் இடுக்கு வழியாகப் போயின. கோழி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அணில்கூட நுழையவில்லை. அந்தக் குழியில் போட்ட மூன்று விதையும் முளைத்தன. என் நோட்டில் முதல் நூற்றுக்கு நூறு அதுதான்.

அதன்பின் கவிழ்க்கக் கூடியது எது கிடைத்தாலும் விடுவதில்லை. உடைந்த பிளாஸ்டிக் காய்கறிக் கூடை, கைப்பிடி போன சல்லடை, பழைய மேசை மின்விசிறியின் கம்பிக் கூண்டு. கண்ணில்லாத பாதிக் கொட்டாங்கச்சியை ஒரு விதைக்கு ஒன்றாகக் கவிழ்த்து, முளை மண்ணைத் தூக்குவது தெரிந்ததும் எடுத்துவிடுவது நல்ல முறை. தினமும் பார்க்க முடியாதவர்களுக்கு அது வேண்டாம், கொட்டாங்கச்சிக்குள் முளை வளைந்து புழுங்கிவிடும்.

மயிலுக்குப் பஞ்சாரம் போதாது. விராலிமலை முருகன் கோயிலுக்கும் மயிலுக்கும் உள்ள தொடர்பு ஊரறிந்தது. மலையிலும் சுற்றிலும் உள்ள தரிசுகளிலும் கூட்டம் கூட்டமாகத் திரியும். பார்க்கப் பரவசம்தான். பத்து நிமிடத்தில் ஒரு வெண்டைப் பாத்தியின் எல்லாக் குருத்தையும் கிள்ளிவிட்டுப் போனதைப் பார்த்த பிறகு என் பக்தி கொஞ்சம் குறைந்தது. வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடித் தினைப்புனம் காத்தாள். அவளுக்குக் கிளியையும் குருவியையும் ஓட்டினால் போதுமாயிருந்தது. எனக்கு அவள் வீட்டுக்காரரின் வாகனத்தையே அல்லவா ஓட்ட வேண்டியிருக்கிறது!

மயிலுக்கு விஷ நெல் வைக்கிற இடங்களும் உண்டு. 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் சிறைத் தண்டனை. சட்டம் கிடக்கட்டும், விஷத் தானியத்தை முதலில் தின்பது அக்கம்பக்கத்துக் கோழியும் புறாவும்தான். பளபளக்கும் பழைய குறுந்தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் பயந்தது. நான்காம் நாள் ஒரு பெட்டை மயில் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. எளிதில் கிடைத்து, செலவில்லாமல் பலன் தந்தது சீமைக்கருவேல முள்தான். விதைத்த பாத்தியின் மேல் முள்கிளைகளை நெருக்கமாகப் பரப்பிவிட்டால் காலை வைக்க இடமில்லாமல் மயில் விலகிப் போகிறது. நாய், பூனைக்கும் அதுவே காவல். கன்று ஒரு சாண் உயர்ந்ததும் முள்ளை நிதானமாக, கையுறை போட்டுக்கொண்டு, அடியிலிருந்து தூக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கன்றும் கூடவே வரும்.

ஒரு வருடம் மீன்பிடி வலையை வாங்கிப் பாத்திமேல் தளர்வாகப் போட்டேன். மயில் வரவில்லை. ஒரு சாரைப்பாம்பு வந்து கழுத்துவரை சிக்கிக்கொண்டது. பாம்பு பிடிக்கும் இளைஞர் ஒருவர் வந்து அரை மணி நேரம் கத்தரியால் நூல் நூலாக வெட்டி விடுவித்தார். எனக்காக எலி பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்தச் சாரை. அன்றோடு அது எங்கள் கொல்லைக்கு வருவதை நிறுத்திவிட்டது. அடுத்த போகத்தில் எலித்தொல்லை கூடிப்போனதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். இப்போது வலை போட்டால் கொசுவலைத் துணிதான். மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து நட்டு, துணியை இழுத்துக் கட்டி, ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுகிறேன். கண் சிறியதாக இருப்பதால் எதுவும் சிக்காது.

பகல் ஆட்கள் கதை இவ்வளவு. இரவு ஆட்களைப் பார்க்க டார்ச் விளக்கோடு போக வேண்டும். 2021 ஐப்பசியில் ஒரு மழை நாளுக்கு மறுநாள் இரவு எட்டரை மணிக்குப் போனேன். முள்ளங்கி முளைத்து இரண்டு இலையாக நின்ற பாத்தி. விளக்கை அடித்ததும் முதலில் எதுவும் தெரியவில்லை. காதில் மட்டும், யாரோ காகிதத்தை மெதுவாகக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு விளக்கொளியில் கொம்புகள் அசைந்தன. உள்ளங்கை நீளத்துக்கு, பழுப்புக் கோடு போட்ட கூம்பு ஓட்டோடு, பாத்தி முழுக்க நத்தை. அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த சாதி. 1847-இல் பென்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு வந்து தோட்டத்தில் விட்டார் என்பது இந்தியாவில் அதன் வரலாற்றின் தொடக்கம். என் கொல்லைக்கு அது வந்தது அந்தக் கோடையில் வாங்கிய ஒரு வண்டி எருவோடு என்று நினைக்கிறேன். வாங்கியபோது எருவைக் கிளறிப் பார்த்திருந்தால் ஜவ்வரிசிபோல வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல் கண்ணில் பட்டிருக்கும். ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடுகிற பிராணி.

உப்பைத் தூவு என்று பலர் சொன்னார்கள். உப்பு நத்தையைக் கொல்லும், மண்ணையும் கெடுக்கும். பாத்திக்குள் ஒரு பிடி உப்புகூடப் போகக் கூடாது. சுண்ணாம்புத்தூள் கோடு காய்ந்த மண்ணில் தடுக்கிறது, ஆனால் நத்தை வருவதே மழைக்குப் பிறகுதான். நான் செய்தது பொறுக்குவது. நனைத்த சாக்கை மாலையில் பாத்தி ஓரத்தில் மடித்துப் போட்டு, அதற்கடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தோலும் வைத்துவிடுவேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரு சுற்று, விடிகாலையில் சாக்கைத் தூக்கி ஒரு சுற்று. உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, செத்தபின் தள்ளிப்போய்க் குழி வெட்டிப் புதைப்பேன். முதல் இரவு 43, இரண்டாம் இரவு 31. இரண்டு வாரம் கழித்து 4. வெறும் கையால் தொடவே கூடாது. எலியிடமிருந்து நத்தைக்கு வருகிற ஒருவகைப் புழு, அதன் வழியாக மனிதனின் மூளை உறை வரை போய் நோய் உண்டாக்கும். குழந்தைகளை விட்டு நத்தை பொறுக்கச் சொல்கிற வீடுகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நத்தை ஊர்ந்த கீரையையும் நன்றாக அலசாமல் சமைக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த துணை செம்போத்து. கருப்பு உடம்பும் செங்கல் நிற இறக்கையுமாக வேலியோரம் தத்தித் தத்தி நடக்கும் பறவை. ஒருநாள் காலை அது நத்தையின் ஓட்டைக் கொத்தி உடைத்துச் சதையை உருவித் தின்றதைப் பார்த்தேன். வேலியில் மண்டியிருந்த புதரை வெட்டச் சொல்லியிருந்த ஆளுக்கு அன்றே போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

வெட்டுப்புழு வேறு ரகம். கத்தரி நாற்றைப் பிடுங்கி நட்ட மறுநாள் காலையில் நான்கு கன்று அரிவாளால் அறுத்ததுபோலச் சாய்ந்து கிடக்கும். மருந்து தேடி ஓட வேண்டாம். சாய்ந்த கன்றைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குக் கிளறினால், சாம்பல் நிறத்தில் கொழுத்த புழு ஒன்று தொட்டதும் வட்டமாகச் சுருண்டுகொள்ளும். அதைக் கோழிக்குப் போட்டுவிடலாம். அப்பத்தாவின் கோழிகளுக்கும் எனக்கும் சமாதானம் ஏற்பட்டது இந்த வகையில்தான். மற்ற கன்றுகளுக்கு, டீக்கடைக் காகிதக் கோப்பையின் அடியை வெட்டிவிட்டு, வளையல்போலக் கன்றைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணுக்குள் அழுத்திவிடுவேன். புழு தண்டைச் சுற்றி வளைத்துத்தான் அறுக்கும், இடையில் சுவர் இருந்தால் முடியாது. தண்டு பென்சில் பருமன் ஆனபின் அந்தக் கவலை இல்லை.

பூசணி, பீர்க்கு, சுரை வகைக்கு வரும் செவ்வண்டையும் சொல்ல வேண்டும். விதையிலை விரிந்த மூன்றாம் நாள் வந்து அதைச் சல்லடையாக்கிவிடும். வெயில் ஏறினால் பறந்துவிடும், விடிகாலையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும், அப்போது கையால் பொறுக்கிவிடலாம். பனி ஈரம் இருக்கும்போது அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் முடிந்து இலைமேல் தட்டுவேன், கொஞ்சம் விலகுகிறது. கொசுவலை போட்டால் முழுதாகவே தப்பிக்கலாம், ஆனால் பூப்பூக்கும் முன் வலையை எடுக்காவிட்டால் தேனீ வராது, பிஞ்சு பிடிக்காது.

எலிக்கு மட்டும் நான் தோற்றுவிட்டேன். பொறி, வேப்பம்புண்ணாக்கு, நொச்சி இலை எல்லாம் பார்த்தாயிற்று. பூசணி விதையின் வாசனை அதற்கு எங்கிருந்துதான் எட்டுகிறதோ! தோற்றதை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை மாற்றினேன். இப்போது கொடிவகைகளைப் பாத்தியில் நேராகப் போடுவதில்லை. காகிதக் கோப்பையில் பாதி தொழுவுரமும் பாதி செம்மண்ணும் நிரப்பி, கோப்பைக்கு ஒரு விதை வைத்து, பின்திண்ணையில் ஒரு மேசைமேல் அடுக்கிவிடுகிறேன். மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறேன். பழைய வீடுகளில் பலகார அலமாரிக்குச் செய்வார்களே, அதேதான். எறும்பு ஏறாது. மேலே கம்பிவலைச் சட்டம் ஒன்று, எலிக்கும் அணிலுக்கும். கொடிவகைக்கு வேர் அசைந்தால் பிடிக்காது, அதனால் இரண்டு நல்ல இலை வந்ததும் கோப்பையைக் கிழித்து, மண் உதிராமல் அப்படியே நட்டுவிட வேண்டும். தாமதித்தால் வேர் சுருண்டுவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்குக் குழித்தட்டு. பாத்தியில் நேராகப் போடுவது கீரை, வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி இவ்வளவுதான். காவல் காக்க வேண்டிய பரப்பு பாதியாகக் குறைந்தது.

இதற்கெல்லாம் பிறகும் ஒருமுறை தக்காளி நாற்று தட்டுத் தட்டாகச் சாய்ந்தது. வெட்டுப்புழு என்று நினைத்துத் தட்டையெல்லாம் கொட்டித் தேடினேன், ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தபோதுதான் தண்டின் அடி நீர் கோத்து, பழுப்பாகி, நூலாக இளைத்திருந்தது தெரிந்தது. நாற்றழுகல். பூஞ்சையின் வேலை, அதற்கு வழி திறந்தது என் பூவாளி. வெயில் அதிகம் என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். இப்போது காலையில் ஒரு வேளை, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். விதையையும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்துதான் போடுகிறேன். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, என் அளவுக்கு ஒரு சிட்டிகை. சோறு வடித்த கஞ்சி நான்கு சொட்டு விட்டுப் பிசறி நிழலில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வந்தால் அது ஏற்கெனவே பூஞ்சைமருந்து கலந்தது. அதோடு இதைக் கலப்பது வீண். அந்த விதையைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும், மிச்சத்தைக் கோழிக்குப் போடக் கூடாது. இதை நான் அப்பத்தாவுக்குச் சொன்னேன். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அது என்று நினைக்கிறேன்.

இந்த ஆடியில் ஆறு பாத்தி. வெண்டை 30-க்கு 24, அவரை 20-க்கு 15, கொத்தவரை 25-க்கு 21. அவரையில் போன ஐந்தில் மூன்றை அணில் எடுத்ததை நானே பார்த்தேன், மற்ற இரண்டுக்குக் கணக்கில்லை. மதில் விரிசலுக்கு எதிரே குருணை வைத்தாயிற்று. கோப்பையில் வளர்ந்த பூசணி மூன்றைக் குழியில் இறக்கி, வழக்கம்போலப் பஞ்சாரத்தைக் கவிழ்த்திருந்தேன். நேற்று மாலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "டீச்சரம்மா, கருங்கோழி பதினொரு குஞ்சு பொரித்திருக்கிறது. பஞ்சாரத்தைக் கொடு."

பூசணிக்கு மூன்றாவது இலை இன்னும் விரியவில்லை. இன்னும் இரண்டு நாள் தாருங்கள் என்று கேட்டேன். "பருந்திடம் போய்க் கேள்" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு, மின்விசிறிக் கூண்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.